ஹப்புக்குக் காய்ச்சல்

என்னுடைய விடைபெறும் கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சமோசாத் தட்டைப் பிடித்தபடி எழுந்து நின்றேன், எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன், உட்கார்ந்துவிட்டேன். "பேசவில்லை, எழுதித் தருகிறேன்" என்று சொல்லித் தப்பித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இதோ எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதினால்தான் எனக்குக் கை ஓடுகிறது. நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் தமிழ் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு இந்தியில் சொல்லிவிடுங்கள். தில்லியிலேயே பிறந்து, தமிழ் பேச மட்டும் தெரிந்தவர்கள் வீட்டில் அம்மாவை வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாக்களுக்கும் பொழுது போகும்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் டிரைவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டும் கடையில் வேலை பழகி, பிறகு இந்த ஆஸ்பத்திரியில் கூட்ட அறைகளுக்கு மைக், திரை, கணினி எல்லாம் இணைத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். எனக்குப் பிடித்த வேலை. ஏனென்றால் பெரும்பாலும் மேசைக்கு அடியில் இருக்கலாம். யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள். இங்குள்ள பெரிய டாக்டர்களின் முகங்களைவிட அவர்களுடைய செருப்புகளை எனக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனி மேசைக்கு அடியில் புகக் கூடாது என்று அதே செருப்புகளில் ஒன்றின் சொந்தக்காரர் சொன்னார். அதனால்தான் வயதாகும் முன்பே வீட்டுக்குப் போகிறேன்.

உங்களுக்குக் கம்பி, பிளக், எந்தத் துளையில் எது என்பதெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. செல்போனிலேயே எல்லாவற்றுக்கும் வீடியோ இருக்கிறது. வீடியோவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது திரை இருண்டால் என்ன செய்வது என்பது.

முன்பெல்லாம் ஒரு லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைக்க ஒரு பிடி வயர் வேண்டும். படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. இப்போது சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஹப். எல்லா வயரும் அதன் முதுகில் போய்ச் சேர்ந்துவிடும்; அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் லேப்டாப்புக்கு வரும். படம் அதன் வழியே போகிறது, சார்ஜ் அதன் வழியே வருகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்பு படம் போனால் படத்தின் வயரைப் பார்த்தால் போதும். இப்போது ஒரே வழியில் எல்லாம் போய் வருவதால், எங்கே அடைத்துக்கொண்டது என்று வெளியிலிருந்து தெரியாது.

அதிலும் இன்னொரு தொல்லை. அதே போன்ற வாய் உள்ள கேபிள்கள் எல்லோருடைய பையிலும் இருக்கின்றன. போன் சார்ஜ் செய்யும் கேபிளைக் கொண்டுவந்து செருகிவிட்டு, இந்தியில் அண்ணன் என்று கூப்பிட்டு, "பையா, படம் வரலையே" என்பார்கள். அதற்காக, படம் போகக்கூடிய சரியான கேபிளின் கழுத்தில் நான் மௌலி கட்டி வைத்தேன். கோவிலில் மணிக்கட்டில் கட்டுவார்களே, அந்தச் சிவப்பு நூல். கேட்டில் நிற்கும் காவலாளி எனக்காக மீதி நூலைச் சுருட்டிக் கொண்டுவந்து தருவார். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன், அவருக்கு அது தெரியும். "கேபிளுக்கு மதம் இல்லை பையா" என்பார். அந்த நூலை அவிழ்த்துவிடாதீர்கள். சாமிக் கயிறு என்பதால் தில்லியில் யாரும் அந்தக் கேபிளைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நல்ல வெயில் காலம். தரைத்தளத்தில் ஓர் அறை காலியாகியிருந்தது. ஜன்னல் உள்ள, வேப்பமரத்தைப் பார்த்த அறை. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம். ஸ்டோர்ஸ் பிரிவு உடைந்த கட்டில்களும் அலமாரிகளும் போட அதைக் கேட்டது. நர்ஸ்கள் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டு வேலை பார்க்க ஒரு காப்பகத்துக்காகக் கேட்டார்கள். நர்ஸ்கள் சார்பில் பேச வந்தவர் ரோஸ்லின் சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வருகிறவர். கணவர் ராணுவத்தில், எல்லையில். நாலு வயது மகளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

கூட்டத்துக்கு முன்னால் அவர் பயிற்சிப் பிரிவிலிருந்து இரவல் வாங்கிய லேப்டாப்போடு வந்தார்.

"அண்ணாச்சி, இதுல சார்ஜே இல்ல. தாங்குமா?"

"ஹப்ல மாட்டிட்டா அதுவே சார்ஜ் ஏத்திக்கும் சிஸ்டர். கவலைப்படாதீங்க."

"நீங்க சொல்லிட்டீய, நான் கவலைப்படுதேன். எனக்கு இந்தி பேஷன்ட்டுட்ட பேசுத அளவுக்குத்தான் வரும். ‘கஹா தர்த் ஹை’, எங்க வலிக்குன்னு கமிட்டிக்காரங்கட்ட கேக்க முடியுமா? அதான் போட்டோவா எடுத்துட்டு வந்துட்டேன். படம் வந்தாப் போதும், அதுவே பேசிரும்."

போட்டோக்களை எனக்குக் காட்டினார். ஒரு பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. அவருடைய மகள் கேட்டில் காவலாளியின் நாற்காலியில் அவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்றில் ஒரு குழந்தை, சலவைத் துணி வைக்கும் அறையில் பச்சைத் துணி மூட்டைகளுக்கு நடுவே தூங்குகிறது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பக்கத்தில் துணி உலர்த்தும் மெஷின்.

அன்றைக்குத் தலைமை தாங்க வெளியிலிருந்து ஒரு பெரிய மேடம் வருவதாக இருந்தது. குழந்தைகள் மருத்துவர். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நம் நிர்வாக அதிகாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. அறைக்குள் நுழைந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையைச் சுற்றி வருவார். அன்றும் வந்தார். "ஏக் பீ தார் நஹீ திக்னா சாஹியே." ஒரு வயர் கூடக் கண்ணில் படக் கூடாது. மெரூன் வெல்வெட் துணி வந்தது. இரட்டையாக மடித்து மேசை மேல் விரித்தார்கள். ஹப்பை அதற்குள் தள்ளி, மேலே ஒரு பெரிய பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிச் சாமந்தியும் ரோஜா இதழும் போட்டார்கள். துணிக்குள்ளிருந்து மௌலி கட்டிய கேபிள் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தலை நீட்டியது. பார்க்க மாப்பிள்ளை வீட்டு மேசை போல இருந்தது. நானும் ரசித்தேன்.

மேடம் வந்தார். பருத்திப் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. உட்காரும்போதே, விமானத்துக்குப் போக வேண்டும், ஜல்தி முடிப்போம் என்றார். ஸ்டோர்ஸ் அதிகாரி முதலில் பேசினார். கையில் அச்சடித்த வரைபடம். அவருக்குத் திரையே தேவைப்படவில்லை. அலமாரி எங்கே, கட்டில் எங்கே என்று மளமளவென்று சொல்லி முடித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். இடையில் யாரோ சந்தேகம் கேட்டு, பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அந்த நேரம் முழுக்க ஹப் வெல்வெட்டுக்குள் லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தது.

ரோஸ்லின் சிஸ்டர் எழுந்தார். முதல் போட்டோ பெரிய திரையில் வந்தது. காவலாளித் தொப்பியோடு மகள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நல்ல ஆரம்பம். சிஸ்டர் வாயைத் திறந்தார், திரை இருண்டது.

நான் மேசைக்கு அடியில் இருந்தேன். கேபிளைப் பார்த்தேன், மௌலி இருக்கிறது, சரியான கேபிள்தான். மேசை ஓரமாகக் கையை விட்டு வெல்வெட்டைத் தூக்கி, ஹப்பின் பிளக்குகளை அழுத்தினேன். கொஞ்ச நேரம் துழாவிக்கொண்டிருந்தேன். படம் வந்தது. "வாஹ்" என்றார் ஒருவர். துணியை அழகாக இழுத்து மூடினேன். சிஸ்டர் இரண்டு வாக்கியம் பேசியிருப்பார். மறுபடி இருண்டது.

மறுபடி தூக்கினேன், துழாவினேன், வந்தது. மூடினேன், போனது.

"நம்ம பையா ஜாதூகர் போல" என்று ஒரு டாக்டர் சொன்னார். வித்தை காட்டுகிறவனாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மேசைக்கு அடியிலேயே குடியிருந்துவிடலாம் போலிருந்தது.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சிஸ்டர், படம் இல்லாமலே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்." அடுத்த கூட்டம் வரும்போது அந்த அறையில் கட்டில்கள் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சிஸ்டர் இந்தியில் தொடங்கினார். "மேடம், ஹமாரா பச்சா..." எங்கள் பிள்ளை என்பதோடு நின்றுவிட்டது. வார்டில் ஒரே அதட்டில் பத்து உறவினர்களை வெளியே அனுப்புகிற மனுஷி, வார்த்தை கிடைக்காமல் வெல்வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன், பிள்ளைகளே. திரை இருண்டால் நமக்கு மானம் போகிறது, உண்மைதான். ஆனால் நமக்குப் போவது அவ்வளவுதான். பேச எழுந்து நிற்பவருக்கு என்ன போகிறது என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அடியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. செருப்புதான் தெரியும்.

நான் வெளியே வந்து எழுந்து நின்றேன். இந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ கூட்டங்களுக்கு மைக் வைத்திருக்கிறேன். ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

"மேடம், பாஞ்ச் மினட்."

ஐந்து நிமிடம் கேட்ட குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தீன்." மூன்றுதான்.

"பாஞ்ச்" என்றேன்.

சரோஜினி நகரில் வளர்ந்தும் பேரம் பேசாமல் எதுவும் வாங்க முடியாத அதன் சந்தையில் ஒரு கைக்குட்டைக்குக் கூட நான் பேரம் பேசியவன் இல்லை. அம்மாதான் பேசுவார்கள், நான் தூரமாக நின்றுகொள்வேன். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அச்சா, பாஞ்ச். சாய் கொண்டுவரச் சொல்லுங்கள்."

ஒரு முடிவு எடுத்தால் அடுத்த முடிவு வந்து நிற்கும். லேப்டாப்பை அணைத்துப் போடலாமா என்று கை பரபரத்தது. இந்த மாதிரி நேரத்தில் எல்லோருடைய கையும் அங்கேதான் போகும். ஆனால் இரவல் லேப்டாப், பல நாளாகத் திறக்காதது. அணைத்தால் என்னென்னவோ புதுப்பிக்கிறேன் என்று வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். நாம் கும்பிட்டாலும் நிற்காது. கையை இழுத்துக்கொண்டேன். நேற்று இதே ஹப், இதே கேபிள், இதே திரை ஒழுங்காக வேலை செய்தன. இன்றைக்கு என்ன புதிது? லேப்டாப் புதிது. அதில்தான் ஏதோ என்று நினைத்தேன். தப்பாகத்தான் நினைத்தேன்.

சிஸ்டர் எனக்குப் பக்கத்தில் வந்து, சாய்ந்து நிற்க மேசையில் கையை ஊன்றினார். ஊன்றிய கையைச் சட்டென்று எடுத்தார். பூத்தட்டை நகர்த்தினார். வெல்வெட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டு, புறங்கையை ஹப்பின் மேல் வைத்தார். வார்டில் நெற்றியில் வைப்பார்களே, அதே மாதிரி.

"அண்ணாச்சி, இதுக்குக் காய்ச்சல் அடிக்கு."

"என்னது?"

"தொட்டுப் பாருங்க. கொதிக்கு. காய்ச்சக்காரப் பிள்ளையை யாராவது இப்படிக் கம்பளியைப் போத்தி, மேல தாம்பாளத்த வச்சு அமுக்குவாங்களா?"

தொட்டேன். தோசைக்கல். அப்போதுதான் எல்லாம் புரிந்தது. சூடு ஏறினால் ஹப் படத்தை நிறுத்திவிடும். நான் துழாவியதால் படம் வரவில்லை. துழாவும்போது துணி தூக்கியிருந்ததால் வந்தது. அழகாக மூடிய ஒவ்வொரு தடவையும் நானே அதன் கழுத்தை நெரித்திருக்கிறேன்.

துணியை மடித்து ஒதுக்கினேன். நிர்வாக அதிகாரி சுவரோரத்திலிருந்து கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கூச்சக்காரர்களுக்கு அது நன்றாக வரும். ஹப்பை வெளியே எடுத்து மேசை நடுவில் வைத்தேன். சார்ஜரை ஹப்பிலிருந்து கழற்றி லேப்டாப்பின் அடுத்த துளையிலேயே நேராகச் செருகினேன். பாதிச் சுமை குறையும். வயர்கள் எல்லாம் மேசை மேல் நூடுல்ஸ் மாதிரி கிடந்தன.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

சிஸ்டருக்கு இப்போது வார்த்தை வந்தது. "மேடம், இஸ்கோ புகார் ஹை." இதற்குக் காய்ச்சல். இது அவருக்கு வார்டில் தினமும் பேசிப் பழகிய இந்தி.

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள். காய்ச்சல் என்று காதில் விழுந்தால் அவர்கள் கை சும்மா இருக்குமா? ஒருவர் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். "ஹை கிரேட் ஃபீவர்" என்றார். இன்னொருவர் சர்ஜன், "எடுத்துடலாம், வேற வழியில்லை" என்றார். "நீங்கள் எதைத்தான் எடுக்காமல் விட்டீர்கள்?" என்று மூன்றாமவர் கேட்டார். சிஸ்டர் அஜெண்டா காகிதத்தை மடித்து விசிறத் தொடங்கினார். பக்கத்தில் தண்ணீர்த் தட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நெத்தியில ஈரத்துணி..." என்றார்.

"ஐயோ சிஸ்டர், வேண்டாம்!"

"சும்மா சொன்னேன். பதறாதீய."

கடைசியாக மேடமும் கையை நீட்டி விரலை வைத்தார். உடனே எடுத்து, விரல் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டார். "மூடி வைத்தீர்களா? எந்தத் தாய்க்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். போர்வையை எடு, காற்று வரட்டும்."

டீ வந்தது. குடித்து முடிக்கும் முன்பே திரை தானாக வெளிச்சமானது. சிஸ்டர் நிறுத்திய இடத்தில் இல்லை. யாரோ விசையில் கை வைத்துவிட்டதால் கடைசிப் போட்டோவில் வந்து நின்றது. ஜன்னல் இல்லாத அறை, பச்சைத் துணி மூட்டைகள், நடுவே தூங்கும் குழந்தை. நெற்றியில் முடி வேர்த்து ஒட்டியிருந்தது. அத்தனை பெரிய திரையில் அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சிஸ்டர் பின்னால் போக விசையைத் தேடினார். "ரஹ்னே தோ" என்றார் மேடம். இருக்கட்டும். விரல் நுனியை இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இந்த அறை எவ்வளவு சூடாக இருக்கும்?"

சிஸ்டர் யோசித்தார். பிறகு மேசை நடுவில் கிடந்த ஹப்பைக் கையால் காட்டினார்.

மேடம் ஸ்டோர்ஸ் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "உங்கள் கட்டில்களுக்கு வேர்க்குமா?"

அவர் நல்ல மனிதர். இரண்டு பேரப்பிள்ளைகள் உள்ளவர். வரைபடத்தைச் சுருட்டினார். "வேர்க்காது மேடம். அவை மாடியில் தகரக் கொட்டகையிலேயே கிடக்கும். நல்லதாக நாலு சின்னக் கட்டில் தேறும், அதை இந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுகிறேன்." முடிவு அங்கேயே எழுதப்பட்டது. மேடத்துக்கு விமானம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. வெளியே போகும்போது அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு நிர்வாக அதிகாரி என்னிடம் வந்தார். திட்டு விழும் என்று நின்றேன். அவர் ஹப்பைத் தொட்டுப் பார்த்தார். "அச்சா... அப்ப துணி வேண்டாம். ஆனா பூவாவது வைக்கலாமா?" என்றார். "தள்ளி வைக்கலாம் ஸார்" என்றேன். நீங்கள் பார்க்கிற அந்தச் சின்னக் கம்பித் தாங்கி அப்போது அவரே வாங்கிக் கொடுத்தது. ஹப் அதன் மேல் திறந்தபடிதான் இருக்க வேண்டும். எந்தப் பெரியவர் வந்தாலும் சரி.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று தனியாக எழுத எனக்கு வராது. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். அவகாசம் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்; எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அடியில் ஒளிந்துகொண்டு துழாவினால் மேலே இருப்பவர் ஒவ்வொரு நொடியும் தவிப்பார். ஒன்றைச் சரிசெய்துவிட்டோம் என்று தோன்றினால், உண்மையில் நம் கை எதை மாற்றியது என்று யோசியுங்கள். அப்புறம், இன்றைக்குப் புதிதாக என்ன வந்தது என்று பார்க்கும்போது அழகுக்காக வந்ததையும் சேர்த்துப் பாருங்கள். நான் லேப்டாப்பைச் சந்தேகப்பட்டேன். பூத்தட்டைச் சந்தேகப்படத் தோன்றவேயில்லை.

காப்பகம் திறந்து சில நாள் கழித்து, பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட ஒரு திரை மாட்டச் சொன்னார்கள். மதிய நேரம். ஜன்னல் திறந்திருந்தது, வேப்பமரக் காற்று. சின்னக் கட்டில்களில் குழந்தைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. ஓசைப்படாமல் திரையை மாட்டி, ஹப்பைத் தாங்கியில் வைத்து, மௌலி நூலைக் கட்டிவிட்டுத் திரும்பினேன். ஓரத்துக் கட்டிலில் ஒரு பொடிசு, போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் காவலாளியின் தொப்பி.

போர்வையை முகத்திலிருந்து மெல்ல விலக்கி, புறங்கையை அதன் நெற்றியில் வைத்துப் பார்த்தேன்.

கதவருகே யாரோ சிரித்தார்கள். ரோஸ்லின் சிஸ்டர், ட்யூட்டி உடையில்.

"என்ன அண்ணாச்சி, சிக்னல் வருதா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு வாய் அடைக்கவில்லை.

"சூடு இல்ல சிஸ்டர்" என்றேன். "நல்லா ஓடுது."